உயிரோடிருந்த ஏரிக்கு ஓர் இரங்கல்

நான் செய்யும் வேலைக்கு எங்கள் தெருவில் பெயர் கிடையாது. அப்பா காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தார். அது எல்லோருக்கும் புரிந்தது. அக்காவை ஏனாத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கிராமத்தில், ஏரிப் பாசன நிலம் வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள், அதுவும் புரிந்தது. என்னைப் பற்றி யாராவது கேட்டால் அம்மா, "சின்னவ மெட்ராஸ்ல படக் கண்காட்சி வெக்கிறா" என்பாள். "இன்னா படம், சினிமாவா?" என்று கேட்பார்கள். அம்மா அதற்கு மேல் பேசமாட்டாள்.

க்யூரேட்டர் என்பது அந்த வேலையின் பெயர். கலைஞர்கள் செய்தவற்றில் எதை வைப்பது, எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது, உள்ளே வருகிறவர் முதலில் எதைப் படிக்க வேண்டும் என்றெல்லாம் தீர்மானிப்பது. எனக்கு வரைய வராது. ஓவியக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடத்திலேயே அது தெரிந்துவிட்டது. ஆனால் மற்றவர்கள் வரைந்ததைப் பற்றி எழுத வந்தது. சென்னையில் ஒரு கலைக்கூடத்தில், படங்களுக்குக் கீழே ஒட்டும் குறிப்புகளை எழுதுகிறவளாகச் சேர்ந்தேன்.

நான் முதன்முதலாக அமைத்த கண்காட்சி புளியமரங்களைப் பற்றியது. நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதற்காக வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் மேல் வெள்ளைத் துணியை விரித்து, கரியால் தேய்த்து, வளையங்களைப் பதிவெடுத்து வைத்திருந்தார் ஓர் ஓவியர். கல்லூரிக் காலத்தில் நான் பஸ்ஸில் போய்வந்த சாலை அது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் கிளை முகத்தில் அடிக்கும். அந்தத் துணிகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டோம். பார்க்க வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஒரு பெண்மணி துணியைத் தொடாமல், அதற்கு ஒரு விரல் தள்ளிக் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நான் எழுதிய குறிப்பைச் செய்தித்தாளில் அப்படியே எடுத்துப் போட்டார்கள்.

அதன் பிறகு சாம்பல் படிந்த ஒரு கழிமுகம். அப்புறம் கல்லுக்காக உடைத்துத் தீர்த்த ஒரு குன்று. எல்லாம் உண்மையாகவே போனவை. நான் பொய் எழுதவில்லை. ஆனால் மெல்ல மெல்ல என்னைத் தேடி அழைப்புகள் வர ஆரம்பித்தன: "எங்க பக்கத்துலயும் ஒண்ணு அழிஞ்சுபோயிருக்கு, வந்து பாருங்க." கூட வேலை செய்கிறவர்கள், "எழவு வீட்டுக்கு முதல்ல போறவ இவதான்" என்று கிண்டல் செய்வார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்கு அது பெருமையாக இருந்தது. எழுத்து நடையும் கைக்கு வந்துவிட்டிருந்தது. சின்னச் சின்ன வாக்கியங்கள். எல்லாம் இறந்தகாலத்தில்.

ஒரு வைகாசியில் கருட சேவைக்காக ஊருக்கு வந்தேன். கூட்டத்தோடு நின்று சேவித்துவிட்டு, மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். போகும் வழி ஏரிக்கரை மேல்தான். கரையில் காரை நிறுத்திப் பார்த்தபோது ஏரிக்குள் தண்ணீரே இல்லை. மண் பாளம் பாளமாக வெடித்து, ஒவ்வொரு பாளமும் ஓரத்தில் சுருண்டு நின்றது. தூரத்தில் ஆடுகள் மேய்ந்தன. நடுவில் செங்கல்லை ஸ்டம்பாக நட்டுச் சிலர் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நிமிடம் எனக்கு வந்தது துக்கம் இல்லை. கடை கடையாக ஏறி இறங்கித் தேடிய புடவை கடைசியில் ஒரு கடையில் விரியும்போது வருமே, அந்தச் சந்தோஷம். அதை இன்றைக்கு எழுதும்போது முகம் சுடுகிறது. அன்றைக்குச் சுடவில்லை. போனை எடுத்துப் படம் பிடித்தேன். அக்கா வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள், கலைக்கூடத்தில் எந்த இடத்தில் மண்ணை வைப்பது, எந்த இடத்தில் இருட்டறை என்பதெல்லாம் மனதில் வந்துவிட்டது.

அடுத்த வாரமே ஒலிக்கலைஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு திரும்ப வந்தேன். ஊர்க் குரல் ஒன்று வேண்டும் என்றார் அவர். என் அக்காவே இருக்கிறாளே என்றேன். அக்கா முகம் கழுவி, பொட்டு வைத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். "மூஞ்சி வராதுக்கா, குரல் மட்டுந்தான்" என்றேன். "இருக்கட்டுமேடி" என்றாள். மதகுக் கல்லின் மேல் உட்கார்ந்து, மைக்கைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துப் பேசினாள்.

"இங்கதான் துணி தொவப்போம். கழுத்தளவு தண்ணி நிக்கும். இப்ப பாரு, காக்கா குடிக்கக்கூடத் தண்ணி இல்ல."

அதோடு அவள் நிறுத்தவில்லை. "வெய்யக் காலத்துல அப்டிதான் இருக்கும். மழ புடிச்சா ரொம்பிடும். அதுக்கு இன்னா பண்றது" என்று சொல்லிச் சிரித்தாள்.

அக்காவின் கணவர், என் மாமா, மண்ணுக்கு ஏற்பாடு செய்தார். ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லி, டிராக்டர் கொண்டுவந்து, பாளங்கள் உடையாமல் இருக்க வைக்கோலைப் பரப்பி அவர் கையாலேயே அடுக்கினார். "இந்த வண்டல நாங்க வயலுக்கு அடிப்போம். நீ மெட்ராஸுக்கு அடிக்கிற. இன்னா வெளையுதுன்னு பாப்போம்" என்று கேலி செய்தார். என்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். எங்கள் அப்பா போன பிறகு என் படிப்புக்காகச் சென்னை வரைக்கும் அலைந்தவர் அவர்தான்.

கண்காட்சிக்கு 'நீர் இருந்த இடம்' என்று பெயர் வைத்தேன். நுழைவாயில் சுவரில் பெரிய எழுத்தில் என் வாக்கியங்கள்: 'இங்கே ஓர் ஏரி இருந்தது. இனி இங்கே தண்ணீர் வராது.' உள்ளே வெடித்த மண். அதைத் தாண்டி ஓர் இருட்டறை. அதற்குள் அக்காவின் குரல், காக்கா குடிக்கக்கூடத் தண்ணி இல்ல என்று முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். சிரிப்பும் மழையும் அதில் இல்லை. எடுத்துவிடலாமா என்று ஒலிக்கலைஞர் என்னைக் கேட்டபோது, "எடுத்துடுங்க, அது வந்தா கனம் போயிடுது" என்று நான்தான் சொன்னேன். கண்காட்சி நூலில் ஊரின் பெயரையும் அச்சிட்டேன். பெயர் இருந்தால்தான் நம்புவார்கள் என்று நினைத்தேன்.

திறப்பு நாளன்று அக்காவும் மாமாவும் பஸ் பிடித்து வந்தார்கள். அக்கா கல்யாணப் பட்டு கட்டியிருந்தாள். மாமா சலவை வேட்டி. அவர்களைப் பார்த்ததும் எனக்கு முதலில் சந்தோஷமாகவும், உடனே, மற்ற விருந்தினர்கள் கறுப்பிலும் சாம்பல் நிறத்திலும் நிற்கும்போது இவர்கள் மட்டும் முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் போல நிற்கிறார்களே என்று சங்கடமாகவும் இருந்தது. அக்கா இருட்டறைக்குள் போனாள். குரல் ஒரு சுற்று முடிந்தது. அவள் வெளியே வரவில்லை. மறு சுற்றும் முடிந்தது. பிறகு வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"மீதி எங்கடி?"

"நேரம் பத்தலக்கா."

"ஓ" என்று தலையாட்டினாள். நம்பிவிட்டாள். அவள் தங்கை சொன்னால் நம்பக்கூடியவள்.

மாமா சுவருக்கு முன்னால் நின்று, எழுத்துக் கூட்டுவது போல மெதுவாக வாய்விட்டுப் படித்தார். "இருந்ததுன்னு போட்டு இருக்கிற. ஏரி இருக்குதேமா."

"அது ஒரு எச்சரிக்கை மாதிரி மாமா. கலைல அப்படித்தான் சொல்லுவாங்க."

"அப்டியா" என்றார். கையில் யாரோ கொடுத்த பழச்சாறை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசி வரைக்கும் கையிலேயே வைத்திருந்தார்.

கண்காட்சி பெரிய வெற்றி. அதை வெளிநாட்டில் ஒரு நகரத்துக்கு அழைத்தார்கள். மண்ணைக் கொண்டுபோக அனுமதி இல்லை என்பதால் படங்களும் குரலும் எழுத்தும் மட்டும் போயின. அங்கே சுவரில் எழுத்து ஒட்டும் வேலை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், அக்கா அனுப்பிய வீடியோ வந்தது. ஐப்பசி மழை. ஏரி கரை முட்ட நின்றது. உபரித் தண்ணீர் வழிவதற்கென்று கட்டிய கலங்கல் மேல் வெள்ளம் மண் நிறத்தில் உருண்டு விழுந்தது. அந்த இரைச்சலுக்கு மேல் அக்காவின் குரல்: "பாருடி! ஏரி கோடி போவுது! உங்க மாமா எறங்கி நின்னுக்கினு கீறாரு பாரு!" முழங்கால் தண்ணீரில் மாமா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

ஓர் இதயப் படத்தைப் பதிலாக அனுப்பினேன்.

எனக்கு எதிரே அந்த ஊர்த் தொழிலாளி ஒருவர் ஏணியில் நின்று, என் வாக்கியத்தை ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாக ஒட்டிக்கொண்டிருந்தார். முதல் வாக்கியம் முடிந்திருந்தது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஒரு வருட மழையால் பெரிய உண்மை மாறிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏரிகள் அழிகின்றன என்பது பொய்யா? இல்லை. அப்படியென்றால் இந்த ஏரியைப் பற்றிச் சொல்வதும் பொய் இல்லை. இப்படி ஒரு கணக்கு. தொழிலாளி கீழே இறங்கி, நேராக இருக்கிறதா என்று சைகையால் கேட்டார். நேராகத்தான் இருந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

அடுத்த கோடையில் அக்கா மகளிடமிருந்து போன் வந்தது. அவள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாதாரணமாக வளவளவென்று பேசுகிறவள், அன்றைக்கு வார்த்தையைத் தேடித் தேடிப் பேசினாள்.

"சித்தி, நேத்து ஊர்ல ஒரு கூட்டம் நடந்துச்சு. அதுலேந்து அம்மா சாப்டாம கெடக்குறாங்க."

விஷயம் இதுதான். ஏரியை ஒட்டிய நிலத்தை ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. அங்கே கிடங்கு கட்டப் போகிறார்கள். லாரி போக ஏரியின் ஒரு மூலையைத் தூர்த்துச் சாலை போட அனுமதி கேட்டார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து இரண்டு தரப்பையும் கேட்டார். கம்பெனியின் ஆள், "இது ஏரியே இல்லைங்க, செத்துப்போன இடம். நாங்க சொல்லல. இவங்க ஊர்ப் பொண்ணே சொல்லியிருக்குது, வெளிநாடு வரைக்கும் போயிருக்குது" என்று என் கண்காட்சி நூலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். வாக்கியத்தைப் படித்திருக்கிறார். பிறகு போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து, இணையத்தில் நாங்கள் போட்டிருந்த பதிவைப் போட்டிருக்கிறார்.

காக்கா குடிக்கக்கூடத் தண்ணி இல்ல.

அக்கா பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஊரில் அந்தக் குரலைத் தெரியாதவர்கள் யார்? எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். "நான் மீதியும் சொன்னேன், நான் மீதியும் சொன்னேன்" என்று அவள் எழுந்து கத்தியிருக்கிறாள். யாரோ ஒருவர், "எவ்வளோ குட்தாங்க உனுக்கு?" என்று கேட்டாராம். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாராம்.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுநாள் காலை பஸ் பிடித்துப் போனேன். காரில் போகக் கூச்சமாக இருந்தது, ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அக்கா தோட்டத்துப் பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்தும் கை நிற்கவில்லை. மாமா மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தார், என்னைப் பார்த்தார், செருப்பைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அவர் வீட்டுக்கு வந்த என்னிடம் அவர் 'வாம்மா' என்று சொல்லாதது அதுதான் முதல் தடவை.

"அக்கா, நான் இப்படி ஆகும்னு நெனைக்கலக்கா."

"எப்டி ஆகும்னு நெனச்ச?"

நான் யோசித்தது எல்லாம் அந்தக் கூடத்துக்கு வருகிறவர்களைப் பற்றி. அவர்கள் கலங்குவார்கள், பேசுவார்கள், எழுதுவார்கள். இந்த ஊர்க்காரர்கள் அதைப் படிப்பார்கள் என்றே என் நினைப்பில் இல்லை.

"நேரம் பத்தலன்னு சொன்னியே" என்றாள் அக்கா. "மெய்யாவே பத்தலயா?"

"இல்லக்கா. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

துலக்கிய குண்டானைக் கவிழ்த்து வைத்தாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு உட்டிருப்பேன். ஊரு முன்னால என்ன நிக்க வெச்சிட்டியேடி." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அடுத்த கூட்டம் இருக்குது. நீ வந்து சொல்லு. எனுக்காக வோணாம். வந்து சொல்லு, அவ்ளோதான்."

சென்னைக்குத் திரும்பியதும் ஒலிக்கலைஞரிடம் முழுப் பதிவைக் கேட்டேன். அவர் எதையும் அழிக்கிற ஆள் இல்லை. தேடி எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "எல்லாம் இருக்கு. மழை வந்தா ரொம்பிடும்னு சொல்றதும் இருக்கு. ஆனா அதுக்கப்புறம் உங்க குரலும் இருக்கு. கேட்டுப் பாருங்க."

கேட்டேன். அக்காவின் சிரிப்பு அடங்கிய உடனே, நான், பொறுமை போன குரலில்: "அக்கா, அதெல்லாம் வேணாம். மொதல்ல சொன்னியே, காக்கா, அத மட்டும் இன்னொரு தடவ சொல்லு. கொஞ்சம் சோகமா." அக்கா, "சோகமாவா?" என்கிறாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, சோகமாகச் சொல்கிறாள். இருட்டறையில் நாங்கள் பயன்படுத்தியது அந்த இரண்டாவது தடவை சொன்னதைத்தான். நான் இதை மறந்தே போயிருந்தேன். வெட்டியது மட்டும்தான் என் தவறு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"உங்க குரல எடுத்துட்டுக் குடுக்கட்டுமா?" என்று கேட்டார் அவர்.

"எடுத்துடுங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டு நெடுநேரம் சமையலறையில் நின்றேன். பிறகு திரும்ப அவரைக் கூப்பிட்டு, அப்படியே அனுப்பச் சொன்னேன். இது தைரியம் இல்லை. வெட்டிய பதிவோடு அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

கூட்டம் ஊராட்சிக் கட்டடத்தில், மதிய நேரத்தில் நடந்தது. மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. அதிகாரி ஓர் இளம் பெண். என்னைப் பேசக் கூப்பிட்டார். எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அன்றைக்கு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான்தான் அதை எழுதினவள், அது தவறு, ஏரியில் போன ஐப்பசியில் தண்ணீர் கோடி போனது, அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது என்று சொன்னேன்.

கம்பெனியின் ஆள் மரியாதையாகவே கேட்டார். "மேடம், இத எழுதறதுக்கு முன்னாடி நீங்க ஏரிய எப்பெப்ப வந்து பாத்தீங்க?"

"வைகாசில வந்து பாத்தேன்."

"மழைல?"

"வரல."

"அப்ப பாக்காமலே எழுதிட்டீங்க. இப்ப சொல்றது மட்டும் எப்படிங்க நம்பறது?"

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு ஆதரவாக இருக்க வேண்டிய ஊர்க்காரர்கள்கூடச் சிரித்தார்கள் என்பதுதான் உறைத்தது. அப்போது முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். "அது கெடக்கட்டும். எங்க ஏரி மண்ணு எடுத்துக்கினு போனியே, அது இன்னா ஆச்சு?"

கண்காட்சி முடிந்ததும் கூடத்தைக் காலி செய்ய ஆள் வைத்தோம். உடைந்த பலகை, அட்டை, சுண்ணாம்புத் தூள் எல்லாவற்றோடும் மண்ணையும் வாரி, கட்டட இடிபாடு கொட்டும் இடத்தில் கொட்டிவிட்டார்கள். அதை அப்படியே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் தூணில் சாய்ந்து நின்றிருந்த மாமா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வைக்கோலைப் பரப்பி அவர் அடுக்கிய விதம் நினைவுக்கு வந்தது.

பிறகு பதிவைப் போட்டேன். அக்காவின் முதல் பேச்சு. மழ புடிச்சா ரொம்பிடும். சிரிப்பு. அந்தச் சிரிப்பு வந்தபோது பெண்கள் வரிசையில் அக்கா தலையை நிமிர்த்தினாள். பக்கத்திலிருந்தவள் அவள் தொடையைத் தட்டினாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் விரல் திரையின் மேல்தான் இருந்தது. நிறுத்தவில்லை. அதெல்லாம் வேணாம். கொஞ்சம் சோகமா.

மைக்கில் என் குரல் எவ்வளவு சத்தமாகக் கேட்டது! காசு கொடுத்து வேலை வாங்குகிறவளின் குரல். கூட்டத்தில் ஒருவர், "அடப்பாவமே" என்றார். அக்காவைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா தெரியவில்லை. அதிகாரி பேனாவை மூடிவிட்டு, "சரிம்மா, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஆனால் கூட்டம் கலைந்தபோது, முந்தைய கூட்டத்தில் 'எவ்வளோ குட்தாங்க' என்று கேட்ட மனிதர் அவளிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ சொன்னார். அவள் அவரை நன்றாகத் திட்டினாள். அது மட்டும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

இதற்குப் பிறகு நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் கண்காட்சியை நடத்திய நண்பர் ஒருவருக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். அவர் உற்சாகமாகிவிட்டார். "இதுதான் அடுத்த கண்காட்சி! உன் குரல் இருக்கும் அந்தப் பதிவையே வை. இவ்வளவு நேர்மையாக இதுவரை யாரும் செய்ததில்லை" என்றார். சீ என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பஸ்ஸில் வரும்போது போனில் ஒரு தலைப்பை எழுதி வைத்தேன். நல்ல தலைப்புதான். அதை உடனே அழித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பல நாள் அது அங்கேயே இருந்தது. இடையிடையே எடுத்து ஒரு சொல்லை மாற்றிப் பார்த்தேன். அக்கா மகள் ஒருநாள், "அம்மா இப்ப பரவால்ல சித்தி, சாப்டறாங்க" என்று செய்தி அனுப்பினாள். அன்றைக்குத்தான் அழித்தேன்.

கம்பெனிக்கு அனுமதி கிடைக்கவில்லை. நான் பேசியதால் இல்லை. நிலத்தை அளந்தவர்கள் பழைய வரைபடத்தில் அந்த மூலை ஏரிக்குள் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அக்கா அதை எனக்குப் போனில் சொன்னாள். மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு அவள் பேசிய முதல் பேச்சு அது. "மேப்புல ஏரின்னு போட்டு இருக்குதாம். அதனால தள்ளிட்டாங்க. உன்னால ஒண்ணும் இல்ல" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மை அதுதான் என்பதால் சொன்னாள். பிறகு, "பொங்கலுக்கு வருவியா?" என்று கேட்டாள்.

இணையத்திலிருந்து பதிவை எடுத்துவிட்டோம். நூலைத் திரும்பப் பெற முடியவில்லை. அது எங்கெங்கோ நூலகங்களில் இருக்கிறது. தெரிந்த இடங்களுக்கெல்லாம் ஒரு திருத்தம் அனுப்பினேன்: 'இந்த ஏரி இருக்கிறது. இங்கே தண்ணீர் வருகிறது.' சில இடங்களிலிருந்து நன்றி என்று பதில் வந்தது. ஒட்டினார்களா என்று தெரியாது. இன்னும் இதே வேலையில்தான் இருக்கிறேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. யாராவது எங்க ஊர்ல ஒண்ணு அழிஞ்சுபோச்சு என்று கூப்பிட்டால், வெயிலிலும் மழையிலும் போய்ப் பார்க்கிறேன். சில சமயம் உண்மையாகவே அழிந்திருக்கிறது. அப்போதும் 'இருந்தது' என்ற சொல்லை எழுதும் முன் கை தயங்குகிறது.

ஊரில் எனக்கு இப்போது ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அக்கா மகளின் நிச்சயதார்த்தத்தில் பந்தலில் நின்றுகொண்டிருந்தபோது, மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி நான் யார் என்று விசாரித்தாள். பக்கத்திலிருந்த பாட்டி சர்வ சாதாரணமாக, "தெரியாதா? ஏரிக்குக் கருமாதி பண்ணாங்களே, அவங்கதான். பொண்ணுக்குச் சித்தி" என்றாள். அதில் கோபமோ கிண்டலோ இல்லை. டைம் கீப்பர் என்பது போல ஓர் அடையாளம். நான் சிரித்து, வணக்கம் சொல்லி, பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

மாமா மட்டும் பேசவில்லை. நான் போகும்போதெல்லாம் அவருக்கு வயலில் ஏதாவது வேலை இருந்தது. அக்கா, "அவுரு அப்டிதான், நேரம் ஆவும்" என்பாள். நிச்சயதார்த்தத்திலும் என் தட்டில் விழ வேண்டியது விழுகிறதா என்று தூரத்திலிருந்து பார்த்தார், பக்கத்தில் வரவில்லை.

போன மாசியில் ஒரு காரணமும் இல்லாமல் காரை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. வாசலில் நிறுத்தி இறங்கப் போனபோது, மாமா தோளில் மண்வெட்டியோடு வெளியே வந்தார். வழக்கம்போலப் போய்விடுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். சில அடி போனவர் நின்றார்.

"வண்டிய வெய்யில்ல உட்டிருக்கிற பாரு" என்றார். "அந்தப் புங்க மரத்துக்குக் கீழ உடு. பெயின்ட் போயிடும்."

சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார்.

நான் காரைத் திருப்பி மர நிழலில் நிறுத்தினேன். உள்ளே அக்கா என் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. "தோ வரேன்க்கா" என்றேன். ஆனால் உடனே இறங்க முடியவில்லை. கை ஸ்டீயரிங் மேலேயே இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்ள டாஷ்போர்டில் ஒரு துணி தேடிக்கொண்டிருந்தேன்.